மறைந்தோர் வரலாறு நம் கையில்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டித் திருவண்ணாமலையில் நடைபெற்ற நினைவேந்தல் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்த மகிழ்ச்சியில் நாம் கூடியிருக்கின்றோம். இவ்விழாவைக் காணாமலே அண்மையில் நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்துவது நம் முதற்கடமை. செயலாளர் அவர்கள் அன்னாரின் பெயர்களையும் மறைந்த நாள்களையும் படித்தார்கள். நாமும் எழுந்து நின்று மௌனம் காத்தோம். அப்பெயர்கள் இம்மலரின் முதற்பக்கங்களில் இடம்பெறுகின்றன. ஆயினும், பெயரும் நாளும் மட்டும் போதுமா? இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பொன் விழாக் கொண்டாடப்போகும் பிள்ளைகள் இப்பட்டியலைக் கண்டால், "இவர்கள் யாவர்? இவர்கள் செய்தது என்ன?" என்று கேட்பார்களே! அவர்களுக்கு விடை சொல்லப் போவது யார்? இவ்வினாவையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

பிறர் சாவைச் சொன்ன கால்கள்

ஊர்த்தெருவில் ஒருவர் இறந்தால் அச்செய்தியைச் சுமந்து சென்றவர்கள் நம் முன்னோர். இரவானாலும் மழையானாலும் இழவு சொல்ல ஆள் புறப்படவேண்டும். உறவினர் இருக்கும் ஊர்தோறும் நடந்து, வாசலுக்கு வெளியே நின்று, இன்னார் மகன் இன்னார் இறந்தார், எடுப்பது இந்நேரம் என்று சொல்லவேண்டும். குழி வெட்டியதும் நம் கைகளே. விறகு அடுக்கியதும் நம் கைகளே. பாடையின் முன்னே பறை முழக்கியதும் நம் கைகளே. பறை உயர்ந்த கலை. அதனைச் சாவு வீட்டுக் கட்டாய ஊழியமாக்கியதுதான் இழிவு. அவ்வூழியத்தை இனிச் செய்யோம் என்று மறுத்து நின்ற ஊர்கள் பல. அதற்காக அடியும் உதையும் பட்டோர் பலர்.

ஊராரின் வம்ச வரலாற்றை நெஞ்சில் தாங்கி ஊர் ஊராகச் சொன்ன அந்தப் பாட்டன்மாரின் வரலாற்றைச் சொல்வார் இல்லை. நம்மில் எத்தனை பேருக்குப் பாட்டனின் பெயர் தெரியும்? பாட்டனின் தந்தை பெயர் தெரியும்? இவ்வரங்கில் கை தூக்கச் சொன்னால் கைகள் மிகச் சிலவே எழும். பிறருடைய மறைவை ஊரறியச் செய்த ஒரு சமுதாயம் தன்னுடைய மறைந்தோரை மறந்து நிற்கின்றது. இது நம் குறையன்று. நமக்கு எழுத்து மறுக்கப்பட்டதன் விளைவு. ஆனால், எழுத்து கைக்கு வந்த பின்னும் இந்நிலை தொடருமானால் அது நம் குறையே ஆகும்.

கல்லில் நின்ற பெயர்கள்

நாம் வாழும் இம்மாவட்டம் மறைந்தோர் பெயரைக் காப்பதில் தமிழகத்திற்கே வழிகாட்டியது. செங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்தன. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை அவற்றைத் தொகுத்துச் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக 1972இல் வெளியிட்டது. அவற்றில் பேசப்படுவோர் முடிமன்னர் அல்லர்; மாட்டு மந்தையைக் காக்கப் போரிட்டு மாண்ட வீரர்கள்.

தண்டராம்பட்டு வட்டத்து எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காத்து நின்று பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவனுடன் நின்ற கோவிவன் என்னும் நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாய் இரு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல் சொல்கிறது. நன்றியுள்ள ஒரு நாயின் பெயரைக்கூட மறவாமல் பொறித்த அம்மக்களின் பண்பு போற்றத்தக்கது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அப்பெயர் நிற்கின்றது. அதே மண்ணில் ஏர் பிடித்த, கிணறு தோண்டிய, கல் உடைத்த நம் பாட்டிமார் பாட்டன்மார் பெயர்கள் மூன்று தலைமுறைக்குள் அழிந்து போயின. பொறித்து வைத்தவர் இருந்தால் பெயர் நிற்கும். இல்லையேல் எத்துணைப் பெருவாழ்வும் காற்றோடு போகும். எடுத்தனூர்க் கல் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

எழுதியோரும் காத்தோரும்

நம் தலைவர்கள் இவ்வுண்மையை உணர்ந்திருந்தனர். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற பெயரில் 1939இல் வெளியிட்டார்கள். அளவில் சிறியது அந்நூல். ஆயினும் 1893இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கிய வரலாற்றையும், வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்த வரலாற்றையும் அவர் வாய்மொழியாகவே நாம் அறிய வழி செய்தது.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, 1914இல் மறையும் வரை எழுதிக் குவித்தார். அவருடைய எழுத்துகள் பெருந்தொகுதிகளாக வெளிவந்தது 1999இல். எண்பத்தைந்து ஆண்டு இடைவெளி! அத்தனைக் காலமும் அவை அழியாமல் காத்தவர் எவர்? பல்கலைக்கழகங்கள் அல்ல. கோலார் தங்கவயலில் சுரங்கத்துள் இறங்கி உழைத்த தமிழ்ப் பௌத்தர்களும், அன்பு பொன்னோவியம் போன்ற பற்றாளர்களும் காத்தனர். தங்கவயலுக்குச் சென்றோரில் பெரும்பகுதியினர் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துச் சேரிகளிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள், நம் உறவினர்கள். தங்கத்தைத் தோண்டிப் பிறர்க்குக் கொடுத்துவிட்டுத் தாளைப் பொன்போலப் போற்றி நமக்குக் கொடுத்தார்கள். அச்சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அவர்கள் காத்த தாள்களோ இன்றும் பேசுகின்றன.

சுவாமி சகஜானந்தரையும் இங்கே நினைவுகூர்தல் வேண்டும். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்தவர் அவர். சிதம்பரத்திற்குச் சென்று, 1916இல் நந்தனார் பெயரால் கல்விக் கூடம் கண்டு, 1959இல் மறையும் வரை நம் பிள்ளைகளின் கல்விக்கே வாழ்ந்தார். சிதம்பரத்தில் அவர் பெயர் நிலைத்திருக்கின்றது. அவர் பிறந்த மாவட்டத்தில் நம் மாணவர்கள் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள்.

அண்மையில் நாம் இழந்த இருவரையும் சொல்லியாகவேண்டும். நாட்டார் கலை அறிஞரும் பாடகருமான முனைவர் கே. ஏ. குணசேகரன் 2016இல் மறைந்தார். பேராசிரியர் ராஜ் கௌதமன் 2024இல் மறைந்தார். முன்னவர் 'வடு' என்னும் தன்வரலாற்றையும், பின்னவர் 'சிலுவைராஜ் சரித்திரம்' என்னும் தன்வரலாற்று நாவலையும் நமக்கு விட்டுச் சென்றார்கள். அவர்கள் எழுதத் தெரிந்தவர்கள். ஆகவே தம் வாழ்வைத் தாமே காத்துக்கொண்டார்கள். எழுதத் தெரியாமல் வாழ்ந்து மறைந்த நம் கழக உறுப்பினர்களின் வாழ்வைக் காப்பது எழுதத் தெரிந்த நம் பொறுப்பு.

நம்மிடையே வாழ்ந்தவர்கள்

நம் கழகத்தின் முதல் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கையெழுத்துகளுக்கிடையே கைநாட்டுகளும் உள்ளன. படிப்பதற்காக ஒரு கழகம் அமைக்கப் படிக்காதவர்கள் இட்ட கைநாட்டுகள் அவை. அவற்றை இட்டவர்களுள் பெரும்பாலோர் இன்று இல்லை.

அவர்களுள் ஓர் அம்மையார் அப்போதைய நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளியாக இருந்தவர். கார்த்திகைத் தீபத்தன்று பல இலட்சம் மக்கள் பதினான்கு கிலோமீட்டர் மலை சுற்றி வருவர். மறுநாள் விடியுமுன் அப்பாதையில் துடைப்பத்துடன் நிற்பவர் அவர். இலையும் குவளையும் அறுந்த செருப்பும் அள்ளிய கூலியிலிருந்து மாதந்தோறும் சந்தா கட்டினார். கொரோனாக் காலத்திலும் பணிக்குச் சென்றார். தாம் கட்டிய பணத்தில் வாங்கிய புத்தகத்தின் ஒரு வரியையும் அவர் படித்ததில்லை.

மற்றொரு பெரியவர் இளமையில் படியாளாக இருந்தவர். தந்தை வாங்கிய கடனுக்கு மகன் மாடு மேய்த்தார். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்த பின்னரே அவர் கூலிக்கு ஆள் ஆனார். அதாவது, வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெற்ற ஆள் ஆனார். தம் பேரப்பிள்ளைகளை மட்டுமன்றித் தெருப்பிள்ளைகள் அனைவரையும் பள்ளிக்கு அழைத்துச் சென்று, வாயில் மூடும்வரை நின்று பார்த்துத் திரும்புவது அவர் வழக்கம். பாதி வழியில் ஏதேனும் ஒரு பிள்ளையை மாடு மேய்க்கத் திருப்பி அழைத்துவிடுவார்களோ என்ற அச்சம் அவரைக் கடைசிவரை விடவில்லை.

எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் தலைமுறையைச் சேர்ந்த இன்னொருவர் ஊருக்கெல்லாம் மனு எழுதியவர். சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, மனைப்பட்டா, பஞ்சமி நிலம் என எதுவாயினும் அவர் திண்ணைக்கே வருவார்கள். எழுதிய ஒவ்வொரு மனுவுக்கும் நகல் எடுத்து ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அவர் மறைந்தபின் பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது அப்பெட்டியில் இருந்த தாள்கள் எடைக்குப் போயின. 1892ஆம் ஆண்டு ஆணையின்படி நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தை மீட்க இன்று ஒருவர் முயன்றால், பாட்டன் பெயரும் பழைய மனுவும் அன்றோ சான்றாக வேண்டும்? அப்பெட்டியோடு போனது ஒருவரின் நினைவு மட்டுமன்று. பல குடும்பங்களின் வழக்கு.

நினைவு ஏன் வேண்டும்?

"இறந்தவர் இறந்தார், இருப்போர் பிழைப்பைப் பார்ப்போம்" என்று சிலர் சொல்லலாம். அவர்களுக்கு நம் பகுதியில் நடந்தவற்றையே விடையாகத் தருவோம். 2019 ஆகஸ்டில், வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குச் செல்ல வழி விடப்படாமையால் நம்மவர் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். நம் மாவட்டத்துத் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் 2023 சனவரி 30ஆம் நாள் காவல்துறைப் பாதுகாப்புடன் முதன்முறையாக நுழைந்தார்கள். ஆலய நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது 1947இல். இடையில் ஓடிய எழுபத்தாறு ஆண்டுகளில் வாசலில் நின்றே வாழ்ந்து மடிந்தவர் எத்தனை பேர்? அவர்களின் வாழ்வு எழுதப்படாவிடில், "இங்கே தடை ஏதும் இருந்ததே இல்லை" என்று நாளை ஒருவர் சொல்வார். மறுக்க நம்மிடம் சான்று இராது.

வெண்மணியை நினையுங்கள். 1968 திசம்பர் 25ஆம் நாள் நாற்பத்து நால்வர் எரித்துக் கொல்லப்பட்டனர். நீதிமன்றத்தில் அவர்களுக்கு நீதி கிடைக்கவில்லை. ஆயினும் அவர்தம் பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஆண்டுதோறும் மக்கள் அங்கே கூடுகின்றார்கள். தீர்ப்புப் பொய்த்த இடத்தில் நினைவு நின்று சான்று பகர்கின்றது.

செய்ய வேண்டுவன

ஆகவே, இளைஞர்களே! உங்களிடம் ஒரு பணியை ஒப்படைக்கின்றோம். மறைந்த உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கழக நினைவேட்டில் நான்கு பக்கம் ஒதுக்குங்கள். அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். பெயர், பெற்றோர் பெயர், பிறந்த ஊர், செய்த தொழில், வாங்கிய கூலி, பள்ளிக்குப் போனாரா, போகாவிடில் ஏன், யாருக்கு உதவினார், எதை எதிர்த்தார் என்று கேட்டு எழுதுங்கள். பழைய குடும்ப அட்டை, பட்டா, புகைப்படம் ஆகியவற்றுக்கு நகல் எடுங்கள். கைப்பேசியில் பெரியோர் குரலைப் பதிவு செய்யுங்கள். ஆனால் தாளிலும் எழுதி வையுங்கள்.

பெண்களை மறவாதீர்கள். ஒருவரின் மனைவி, ஒருவரின் தாய் என்றே அழைக்கப்பட்டுச் சொந்தப் பெயரே மறைந்துபோன தாய்மார் நம்மிடையே பலர். முதலில் அவர்கள் பெயரைக் கேட்டு எழுதுங்கள்.

உண்மையையே எழுதுங்கள். புகழ்மாலை வேண்டா. குடியால் மடிந்தவர் குடியால் மடிந்தார் என்றே எழுதுங்கள். அவருடைய பிள்ளைகளுக்கு அது பாடமாகும். கழகத்தோடு மாறுபட்டு விலகியவர் ஏன் விலகினார் என்பதையும் எழுதுங்கள். குறையே இல்லாத மனிதராக ஒருவரைக் காட்டினால் படிப்பவர் நம்பார்.

இன்னொன்று. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. இறப்பை இருபத்தொரு நாளுக்குள் பதிவு செய்தல் வேண்டும். துயரத்தில் இருக்கும் குடும்பத்தார் இதை மறப்பார்கள். பின்னர் வாரிசுச் சான்றுக்கும் உதவித்தொகைக்கும் அலைவார்கள். இனி நம்மவர் எவர் மறைந்தாலும், பதினாறாம் நாள் காரியத்துக்கு முன் கழக இளைஞர் ஒருவர் உடன் சென்று பதிவை முடித்துத் தரட்டும். மாலை வாங்கிச் செல்வதினும் பெரிய மரியாதை அது.

அன்புடையீர்! மறைந்த நம் உறுப்பினர்கள் சொத்து எதையும் விட்டுச் செல்லவில்லை. படித்த பிள்ளைகளை விட்டுச் சென்றார்கள். அப்பிள்ளைகள் கையில் இன்று எழுதுகோல் இருக்கின்றது. அடுத்த பொதுக்குழுவிற்குள் நினைவேட்டின் முதற்பகுதி நிறைவு பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம்.