பெங்களூர் மாளிகையும் சூளகிரிக் கூலியும்

சூளகிரிச் சந்தையில் நாம் கட்டும் கொத்தமல்லிக் கட்டு லாரியேறிப் பெங்களூர் போகிறது. அதே சாலையில் நம் பிள்ளைகளும் ஓட்டல் வேலை தேடிப் போகிறார்கள்.

பெங்களூரில் அசோகா ஓட்டலைப் பாருங்கள். 1971-இல் அரசுப் பணத்தில், அதாவது நம் பணத்தில், எழுந்த மாளிகை. விருந்துக்கூடம், மதுக்கூடம், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. 2001-இல் ஒன்றிய அரசு அதை 30 ஆண்டுக் குத்தகைக்குத் தனியார் கம்பெனியிடம் விட்டது. கட்டிய பணம் மக்களுடையது. கல்லாவில் உட்காருபவர் வேறு!

கணக்கையும் பாருங்கள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் அறைக்கென்றே சர்க்கார் 18 சதவீத வரி வைத்திருக்கிறது. 2025-இல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு வைத்த நாட்கூலி 336 ரூபாய். அவர்கள் ஒரு இரவு தூங்க, நாம் 22 நாளுக்கு மேல் மண் வெட்ட வேண்டும்!

மாளிகையே கூடாதென்று நாம் சொல்லவில்லை. படுக்கை விரிப்பவரும் பாத்திரம் கழுவுபவரும் கைகட்டி நின்றால் அந்த மாளிகை ஒரு பொழுதும் நடக்காது. அவர்களுக்கு உரியது கிடைக்கிறதா என்பதே நம் கேள்வி.

ஒசூர் ஆலைகளைப் போலவே பெரிய ஓட்டல்களிலும் காண்டிராக்ட் முறை புகுந்துவிட்டது. காண்டிராக்டர் கூலி கொடுக்காமல் ஏய்த்தால், வேலை வாங்கிய முதலாளியே கொடுக்க வேண்டும். இது 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. பஸ் ஏறும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

சட்டம் தானாக நடந்து வராது, தோழர்களே! அதை நடக்க வைப்பது சங்கம். ஆலையிலும் வயலிலும் ஓட்டலிலும் சங்கத்தில் சேருங்கள்!