கால் மடங்கிய குஞ்சுகள் கற்றுத் தந்தது
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் செங்கோட்டைப் பக்கம் புளியரையில இருந்து வர்றேன். குழுவில் உள்கடன் வாங்கி 60 நாட்டுக்கோழிக் குஞ்சு விட்டேன். ஆடிச் சாரல்ல குஞ்சு நனைஞ்சிடக் கூடாதேன்னு கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி மூடினேன். சில வாரத்துல 11 குஞ்சு காலை மடக்கி உட்கார்ந்திடுச்சு. எச்சமும் தண்ணியாப் போச்சு. சுண்ணாம்புச் சத்து பத்தலைன்னு நானே முடிவு கட்டி, முட்டைக் கோழிக்கு வச்சிருந்த கிளிஞ்சல் தூளை அள்ளிப் போட்டேன். நிலைமை இன்னும் மோசமாச்சு.

கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா விளக்கினாங்க. சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் அளவோடு சேர்ந்தால்தான் எலும்பு இறுகும். வளரும் குஞ்சின் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து சுமார் 1 சதவீதம் போதும். முட்டையிடும் கோழிக்குத்தான் 3.5 சதவீதம் அளவுக்கு வேணும். குஞ்சுக்கு மிஞ்சினால் பாஸ்பரஸ் உடம்பில் சேராது, சிறுநீரகமும் கெடும். வைட்டமின் டி3 இல்லாமலும் எலும்பு இறுகாது. வெயிலே படாம மூடி வச்சா அது எங்கிருந்து வரும்?

தவிட்டிலும் மக்காச்சோளத்திலும் பாஸ்பரஸ் இருந்தாலும் பெரும்பகுதி கோழிக்குச் செரிக்காது. அதைப் பிரித்துக் கொடுக்கத்தான் கம்பெனித் தீவனத்தில் பைட்டேஸ் என்ற நொதி சேர்க்கிறாங்க. மாங்கனீசு குறைந்தால் கணுக்கால் வீங்கி விலகும். வைட்டமின் பி2 குறைந்தால் விரல் சுருளும். தாது உப்புக் கலவையும் வைட்டமினும் இதுக்குத்தான்.

என் கடலைப் பிண்ணாக்கையும் முகர்ந்து பார்த்தாங்க. ஈரத்தில் பூசணம் பிடிச்சிருந்தது. 1960-இல் இங்கிலாந்தில் இப்படிப்பட்ட பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தனவாம். அந்த நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின். ஈரலைக் கெடுக்கும், செரிமானத்தைக் குறைக்கும். நஞ்சைப் பிடித்து வைக்கும் பொடிகள் கடையில் உண்டு. ஆனாலும் பூசணம் பிடிச்ச தீவனத்தைக் கொட்டிடறதுதான் நல்லது.

வளர்ச்சிக்குன்னு ஆன்டிபயாடிக் கலக்காதீங்க. கொலிஸ்டின் மருந்தைக் கோழிக்குக் கொடுக்கக் கூடாதுன்னு 2019-லேயே மத்திய அரசு தடை போட்டாச்சு.

தீவனத்தை மாத்தி, வெயிலில் விட்டதும் 7 குஞ்சு எழுந்துச்சு. எலும்பு வளைஞ்ச 4 குஞ்சு தேறலை. தவணை தள்ளிப்போச்சு, குழு பொறுத்துக்கிச்சு. இப்போ கடனைக் கட்டி முடிச்சிட்டேன்.

ஒண்ணு மட்டும் மறந்திடாதீங்க. கால் மடங்கினால் எல்லாம் சத்துக் குறைவு இல்லை. மாரெக்ஸ் நோயிலும் கால் இழுக்கும். அதனால கையில் கிடைச்ச பொடியைக் கலக்குறதுக்கு முன்னாடி, அந்தக் குஞ்சைக் கூடையில் வச்சு மருந்தகத்துக்குக் கொண்டு போங்க. நான் ஒரு வாரம் தாமதிச்சேன். நீங்க தாமதிக்காதீங்க.