மே 17, மே 18

ஒஸ்லோவில் இப்போது மாலை ஐந்து மணி. ரொறன்ரோவில் காலை, சிட்னியில் நள்ளிரவு தாண்டியிருக்கும். நித்திரையை விட்டுவிட்டு இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

வந்த நாட்டின் தேசிய நாளை நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்று பேசச் சொன்னார்கள். நான் ஆய்வாளர் இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற ஒரு தாதி. கண்டதையும் கேட்டதையும் வைத்துத்தான் பேசமுடியும்.

நோர்வேயின் தேசிய நாள் மே 17. 1814இல் ஐட்ஸ்வோல் என்ற ஊரில் 112 பேர் கூடி அரசியலமைப்பை எழுதிக் கையெழுத்திட்ட நாள் அது. அன்று ஒஸ்லோவில் நாயகர்கள் பிள்ளைகள்தான். நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளின் பிள்ளைகள் கையில் சின்னக் கொடியோடு கார்ல் யூஹான் வீதி வழியாக அரண்மனைக்கு நடந்து போவார்கள். அரச குடும்பம் மேல்மாடத்தில் நின்று மணிக்கணக்காகக் கையசைக்கும். பிறகு ஐஸ்கிறீம், சொசேஜ், வாத்தியக் குழுக்கள். இந்தச் சிறுவர் ஊர்வலம் ஒஸ்லோவில் 1870இல் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர், தேசிய கீதத்தை எழுதிய கவிஞர் பியோர்ன்சன். அப்போது ஆண்பிள்ளைகள் மட்டும்தான். பெண்பிள்ளைகள் சேர்வதற்கு 1889 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்கள் ஆட்கள் இந்த நாளை மூன்று விதமாகப் பார்க்கிறார்கள். பட்டுச்சேலை கட்டி, கொடி பிடித்து, முதல் வரிசையில் நிற்பவர்கள் ஒரு பகுதி. "அது அவங்கட திருவிழா, எங்களுக்கு லீவு" என்று வீட்டில் கோழிக்கறி காய்ச்சுபவர்கள் இன்னொரு பகுதி. மூன்றாவது பகுதி, பிள்ளைக்காகப் போய், பிள்ளை கடந்து போனதும் திரும்பி வருபவர்கள். நான் நீண்ட காலம் இரண்டாவது பகுதியில் இருந்தேன்.

அதற்குக் காரணம் நோர்வே இல்லை. நான் மட்டக்களப்பில் வளர்ந்தவள். பெப்ரவரி 4 வந்தால் எங்கள் வீட்டில் பதற்றம். கடையில் கொடி கட்ட வேண்டும் என்று ஒரு பக்கத்தால் சொல்வார்கள், கட்டக்கூடாது என்று மறுபக்கத்தால் சொல்வார்கள். இரண்டு பக்கத்திலும் துவக்கு இருந்தது. அப்பா முதல் நாளே கடையைப் பூட்டிவிட்டு, காய்ச்சல் என்று போர்த்துக்கொண்டு படுத்துவிடுவார். ஒவ்வொரு வருடமும் அதே திகதியில் வருகிற காய்ச்சல். கொடி என்பது காய்ச்சல் வரவைக்கிற பொருள் என்றுதான் எனக்குப் பதிந்திருந்தது.

2009 மே 17, ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் காலை வேலை. முந்தின இரவு மொஸ்கோவில் நடந்த யூரோவிஷன் பாடல் போட்டியில் நோர்வே வென்றிருந்தது. பாடிய அலெக்சாண்டர் ரீபாக், பெலாருசில் பிறந்து சின்ன வயதில் இங்கே வந்தவர். நகரத்துக்கு இரட்டைக் கொண்டாட்டம். வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆயுதங்களை மௌனிக்கச் செய்வதாக விடுதலைப் புலிகள் அறிவித்ததும் அன்றுதான். 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கைக்கு நடுவராக நின்ற நாட்டில், வெள்ளைச் சீருடையோடு, வாத்திய இசையைக் கேட்டபடி நான் மருந்து பிரித்துக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசியைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம்.

அன்று எல்லோரும் கொடி நிறத்தில் ஒரு றிபன் குத்த வேண்டும். என்னுடையதையும் யாரோ குத்திவிட்டிருந்தார்கள். எண்பத்தைந்து வயது மூதாட்டி ஒருவருக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது, "உன் கை ஏன் நடுங்குகிறது?" என்று கேட்டார். சொன்னேன். உடைந்த நோர்வேஜிய மொழியில் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் மே 17 கொண்டாட்டம் தடைசெய்யப்பட்டிருந்ததையும், தன் தாய் சன்னலை மூடிவிட்டுக் குசினியில் மெதுவாகப் பாடியதையும் சொன்னார். கடைசியில் கையை நீட்டி என் நெஞ்சிலிருந்த றிபனைக் கழற்றினார். "இன்றைக்கு நீ இதைக் குத்தத் தேவையில்லை" என்றார்.

அந்த நாட்டுக் கொடிக்கு நான் முதன்முதலாக மரியாதை கொடுத்தது அந்த நிமிடத்தில்தான் என்று இப்போது நினைக்கிறேன். குத்தாமல் இருக்கலாம் என்று ஒருவர் சொன்ன பிறகுதான் எனக்கு அதைக் குத்த மனம் வந்தது. அடுத்த வருடமே வரவில்லை. பல வருடம் கழித்து, மகள் முதலாம் வகுப்புக்குப் போனபோது வந்தது.

ஆனால் மே 17க்கு அடுத்த நாள் மே 18. அந்த வருடம் முள்ளிவாய்க்கால் நினைவு நிகழ்வில் எங்கள் ஊர் அண்ணை ஒருவர் என்னைப் பார்த்து, "தங்கச்சி, நேற்றுக் கொடி ஆட்டினீங்கள், இண்டைக்கு அழ வந்திருக்கிறீங்கள்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறதா என்று யோசித்து யோசித்துத்தான் இந்த நாட்டின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினேன்.

வாசித்தால், நாங்கள் கொண்டாடுகிற அந்த 1814 அரசியலமைப்பின் இரண்டாவது உறுப்புரை யூதர்கள் இந்த நாட்டுக்குள் வரக்கூடாது என்றது. கத்தோலிக்கத் துறவற சபைகளும் இயேசு சபையினரும்கூட வரக்கூடாது. என் அப்பா படித்தது மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில். அவருக்குப் படிப்பித்தவர்கள் இயேசு சபைக் குருக்கள். அப்பாவின் ஆசிரியர்களுக்குக் கதவை மூடிய ஒரு சாசனத்தின் பிறந்தநாளுக்கு நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போகிறேன்! யூதர்களுக்கான தடை 1851இல் நீங்கியது. இயேசு சபையினருக்கான தடை நீங்க 1956 ஆனது. இலங்கையில் தனிச் சிங்களச் சட்டம் வந்த அதே 1956. ஒரு நாடு ஒரு கதவைத் திறந்த வருடத்தில் இன்னொரு நாடு ஒரு கதவை அடைத்தது.

யூதர்களுக்காக வாதாடியவர் கவிஞர் ஹென்றிக் வேர்கலன்ட். தடை நீங்குவதைக் காணாமலே 1845இல் இறந்துபோனார். இன்றைக்கும் ஒவ்வொரு மே 17உம் ஒஸ்லோவின் யூத சமூகத்தினர் அவருடைய கல்லறைக்குப் போய் மலர்வளையம் வைக்கிறார்கள். இதைப் படித்தபோதுதான் அண்ணைக்குப் பதில் கிடைத்தது. அவர்கள் கொண்டாட்டத்தைப் புறக்கணிக்கவும் இல்லை, தங்களை வெளியே நிறுத்தியதை மறக்கவும் இல்லை. அதே நாளில், அதே நகரத்தில், ஒரு கல்லறைக்கு முன்னால் நின்று இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள்.

எல்லாம் தேன் என்று சொல்ல வரவில்லை. 1999இல் பாகிஸ்தானில் பிறந்த ரூபினா ரானா ஒஸ்லோவின் மே 17 குழுவுக்குத் தலைவரானபோது, அவருக்கு மிரட்டல்கள் வந்தன. ஆனாலும் அவர் பிள்ளைகளுக்கு முன்னால் நடந்தார். இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் இயல்பாக நடக்கிற வீதியில் யாரோ முதலில் பயத்தோடு நடந்திருக்கிறார்கள்.

கனடாவிலிருந்து கேட்பவர்களுக்கு ஒன்று. உங்களுக்குக் குடியுரிமை வேண்டுமென்றால் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தே ஆகவேண்டும். இங்கே குடியுரிமை விழாவுக்குப் போவதே விருப்பத்தைப் பொறுத்தது. போனால் உறுதிமொழி எடுக்க வேண்டும். போகாவிட்டாலும் குடியுரிமை குடியுரிமைதான். நான் போகவில்லை. அப்போது அதை வீம்பு என்று நினைத்தேன். அப்பாவின் காய்ச்சல்தான் எனக்கும் வந்திருக்கிறது என்று இப்போது தெரிகிறது. வித்தியாசம் என்னவென்றால், நான் காய்ச்சல் என்று பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதனால் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கொடி பிடிக்கிறவரை "வெள்ளைக்காரனுக்கு வால்பிடிக்கிறவர்" என்றும், பிடிக்காதவரை "நன்றியில்லாதவர்" என்றும் நாங்கள் பேசிக்கொள்வதை நிறுத்த வேண்டும். மறுக்க முடிகிற சடங்கில்தான் மனதாரச் சேரமுடியும். மறுக்க முடியாத சடங்கு எப்படி இருக்கும் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்?

இப்போதெல்லாம் மே 17 இரவு பட்டுச்சேலையை மடித்து வைத்துவிட்டு, அடுத்த நாளுக்கான கறுப்புச் சேலையை எடுத்து அயன் பண்ணுவேன். மகளுக்குப் பத்து வயதானபோது பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, நாளைக்கு நானும் வரவேணுமா?" என்று கேட்டாள். "வரத்தான் வேணும் என்று இல்லை, விருப்பமெண்டால் வா" என்றேன். வந்தாள். போன வருடம் பரீட்சை என்று வரவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.