மருத்துவச் செலவை யார் சுமப்பது?

(சிதம்பரத்தில் நடைபெற்ற நம் டிரஸ்ட்டின் மருத்துவ உதவி ஆலோசனைக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களை என்ன செய்வது என்பதில் நம் நிர்வாகக் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதை மூடி மறைக்க நாங்கள் விரும்பவில்லை. உங்கள் முன் வைத்துப் பேசி, உங்கள் கருத்தைக் கேட்டு முடிவெடுக்கத்தான் இந்தக் கூட்டம்.

ஒரு சாரார் சொல்வது இது: "ஆஸ்பத்திரி பில்லோடு ஒருவர் வாசலில் நிற்கிறார். அவருக்கு உடனே பணம் கொடுப்பதுதான் டிரஸ்ட்டின் வேலை. மற்றதெல்லாம் பிறகு." இன்னொரு சாரார், "பில் வந்த பிறகு பத்தாயிரம், இருபதாயிரம் கொடுப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது. தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துக் கொடுக்க அந்தப் பணத்தையும் உழைப்பையும் செலவிடுவோம்" என்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவானாலும் குரலில் குறையாத மூன்றாவது சாராரும் உண்டு. "காப்பீடு என்பதே தனியார் ஆஸ்பத்திரிக்கு அரசுப் பணத்தைத் திருப்பிவிடும் வாய்க்கால். ஜி.எச்.சில் டாக்டரும் மருந்தும் வேண்டும் என்று கேட்பதுதான் சரி" என்பது அவர்கள் வாதம்.

இந்தச் சண்டை நம் ஊரில் மட்டும் நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். உலகத்திலேயே மருத்துவத்துக்கு அதிகம் செலவழிக்கும் அமெரிக்காவில் எண்பது வருடங்களாக இதே சண்டைதான் நடக்கிறது. நம் பிள்ளைகள் சிலர் அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருப்பதால் இது நமக்கு அன்னியமான செய்தியும் இல்லை. அங்கே பெரும்பாலானவர்களுக்கு மருத்துவக் காப்பீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் அதுவும் போகும். முதியோருக்கு மெடிக்கேர், ஏழைகளுக்கு மெடிக்கெய்டு என்று 1965ல் இரண்டு திட்டங்கள் வந்தன. இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்கள், அதாவது வயதும் ஆகாத, பரம ஏழையாகவும் இல்லாத, நல்ல கம்பெனி வேலையும் இல்லாதவர்கள், அந்தரத்தில் நின்றார்கள். 2010ல் ஏறத்தாழ 4.8 கோடி பேருக்குக் காப்பீடே இல்லை. சர்க்கரை, இதய நோய் என்று முன்பே இருந்தால் கம்பெனிகள் சேர்க்க மறுத்தன.

அந்த வருடம் மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அப்படி மறுக்கக் கூடாது என்றது. வாங்க முடியாதவர்களுக்கு மானியம் தந்தது. வாங்காதவர்களுக்கு அபராதமும் போட்டது. அங்கேதான் தகராறு வெடித்தது. "நான் காப்பீடு வாங்க வேண்டுமா வேண்டாமா என்று அரசாங்கம் எப்படிச் சொல்லலாம்?" என்றது ஒரு பக்கம். "ஆரோக்கியமானவர்கள் சேராமல் நோயாளிகள் மட்டும் சேர்ந்தால் பிரீமியம் எகிறிவிடும், எல்லோரும் சேர்ந்தால்தான் சுமை பகிரப்படும்" என்றது மறுபக்கம். "கம்பெனிகளே வேண்டாம், மெடிக்கேரை எல்லோருக்கும் கொடுங்கள்" என்று மூன்றாவது பக்கம். 2012ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், மெடிக்கெய்டை விரிவாக்குவதா இல்லையா என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் இன்றுவரை விரிவாக்கவில்லை. 2023 வாக்கில் காப்பீடு இல்லாதவர்கள் சுமார் 2.6 கோடியாகக் குறைந்திருந்தார்கள். ஆனால் சண்டை ஓயவில்லை. 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள்கள் அங்கே அரசு அலுவலகங்கள் முடங்கிக் கிடந்ததற்கு இந்தக் காப்பீட்டு மானியம் பற்றிய பிடிவாதமே முக்கியக் காரணம்.

பிரிட்டன் வேறு வழி போனது. 1948 ஜூலை 5 முதல் வரிப்பணத்தில் எல்லோருக்கும் வைத்தியம். நம் நாட்டிலும் சுதந்திரத்துக்கு முன்பே, 1946ல், போர் கமிட்டி கிட்டத்தட்ட அதே பாதையைத்தான் காட்டியது. பணம் இல்லை என்பதற்காக யாருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்பது அதன் அடிப்படை. நடைமுறையில் நாம் பாதி பிரிட்டனாகவும் பாதி அமெரிக்காவாகவும் ஆகிவிட்டோம்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே பிரிட்டன் பாதி பலமாகவே இருக்கிறது என்று நாங்கள் துணிந்து சொல்வோம். கிராமம் வரை ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 1990களின் நடுவில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்து மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்யத் தொடங்கிய பிறகு, ஜி.எச்.சில் "மாத்திரை வெளியே வாங்கிக்கோ" என்ற பேச்சு எவ்வளவோ குறைந்தது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப் போன ஏற்பாடு அது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நம் தெருக்களில் எத்தனை பேர் பெயர் கொடுத்திருக்கிறோம் என்று மட்டும் கேட்காதீர்கள். "ஓசி மாத்திரை வேலை செய்யாது" என்று சொல்லிவிட்டு, மெடிக்கல் ஷாப்பில் கடன் வைக்கிறவர்கள் நம்மிடையே நிறைய.

மறுபாதிதான் காப்பீடு. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆட்சி மாறி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. முந்தைய திட்டத்தைப் பற்றி அன்று எழுந்த முக்கியக் குறை, பணம் பெரும்பாலும் தனியாருக்கே போகிறது என்பது. புதிய திட்டத்தில் அரசு மருத்துவமனைகளும் சேர்ந்து, செய்த சிகிச்சைக்குத் தொகை பெறத் தொடங்கின. நம் மூன்றாவது சாரார் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் அட்டையை ஜி.எச்.சில் காட்டினால் அந்தப் பணம் அந்த ஜி.எச்.சுக்குத்தான் போகிறது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வருமான வரம்பு முன்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய். 2022 ஜனவரியிலிருந்து 1,20,000.

எங்கள் சொந்த ஊர்க் கதையையும் சொல்லாமல் இருக்க முடியாது. அண்ணாமலை நகரில் 1985ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி பல்கலைக்கழகத்தின் கையில் இருந்தது. 2013ல் பல்கலைக்கழகத்தை அரசு எடுத்த பிறகும் அங்கே மாணவர்கள் ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. மற்ற அரசுக் கல்லூரிகளிலோ சில ஆயிரங்கள்தான். 2020 டிசம்பரில் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். மழை, பனி எதற்கும் எழவில்லை. 2021 ஜனவரி இறுதியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. அவர்கள் கேட்டது கட்டணக் குறைப்பு. கூடவே நமக்குக் கிடைத்தது, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி. கிள்ளையிலிருந்தும் புவனகிரியிலிருந்தும் காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் எல்லாவற்றுக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கு ஓடிய காலம் குறைந்திருக்கிறது. இதை உரக்கச் சொல்கிறோம், ஏனென்றால் நம்மில் வசதியுள்ளவர்கள் அந்த வாசலைத் தாண்டிப் போய்த் தனியாரிடம் சேர்கிறார்கள். வாய் உள்ளவர்கள் போகாத இடத்தில் குறை கேட்க ஆள் இருக்காது.

சரி, அட்டை இருந்தால் எல்லாம் தீர்ந்ததா? இல்லை. முதல் சாரார் சொல்வதில் உள்ள நியாயம் இங்கேதான் இருக்கிறது. அட்டை பெரும்பாலும் அட்மிஷன் ஆகிச் செய்யும் சிகிச்சைக்கானது. புறநோயாளியாகப் பார்ப்பது, மாதாமாதம் வெளியே வாங்கும் மருந்து, கூட இருப்பவரின் சாப்பாடு, ஆட்டோ, எல்லாவற்றுக்கும் மேலாக இழந்த கூலி, இவற்றை எந்த அட்டையும் தருவதில்லை. டயாலிசிஸ் அட்டையில் இலவசம்தான். வாரத்துக்கு மூன்று நாள் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தால் அந்த வீட்டில் இரண்டு பேர் வேலை போகிறது. எல்லா ஆஸ்பத்திரியும் திட்டத்தில் இல்லை. இருக்கும் ஆஸ்பத்திரியிலும் எல்லாச் சிகிச்சையும் இல்லை.

சென்ற ஆண்டு வந்த ஒரு மனு. டெய்லர் வேலை பார்க்கும் சகோதரர், இரவில் நெஞ்சுவலி, பக்கத்து ஊர்த் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அட்வான்ஸ் கட்டினால்தான் ஸ்டென்ட் என்றார்கள். மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. மொத்தம் 1,80,000 ரூபாய். நாம் கொடுத்தது 25,000. பெயர், ஊர் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அந்தக் குடும்பம் அட்டைக்கு முழுத் தகுதியுள்ள குடும்பம். "அத்தா இருக்கும்போதே எடுக்கச் சொன்னாங்க, அலையணுமேன்னு விட்டுட்டோம்" என்றார் அந்தச் சகோதரி. அலைச்சல் என்றால் என்ன? வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ஸ்மார்ட் கார்டு, எல்லோருடைய ஆதார், பிறகு கடலூர் கலெக்டர் ஆபீசில் போட்டோ. தினக்கூலிக்காரருக்கு இரண்டு நாள் கூலி.

இன்னொரு கூட்டமும் உண்டு. அமெரிக்காவில் அந்தரத்தில் நின்றார்கள் என்றோமே, அவர்களைப் போல. பையன் துபாயிலோ சவூதியிலோ இருக்கிறான். அங்கே அவனுக்குக் கம்பெனி காப்பீடு கட்டாயம். இங்கே உள்ள அத்தா, அம்மாவுக்கு ஒன்றுமில்லை. வருமானம் வரம்பைத் தாண்டும், சேமிப்போ ஒரு ஆபரேஷனுக்குக் காணாது. லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் இப்படிப்பட்ட வீடுகள்தான் அதிகம். இவர்கள் நம்மிடம் மனு போடவும் கூச்சப்படுவார்கள், ஜகாத் வாங்கவும் தகுதி இராது. "பாலிசி எடுங்கள்" என்றால் மார்க்கக் கேள்வி எழுகிறது.

அதைப் பற்றி ஆலிம்கள் முன்னிலையில் நாங்கள் அளந்தே பேசுகிறோம். வணிகக் காப்பீட்டில் நிச்சயமின்மையும் வட்டியும் கலந்திருப்பதால் கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையிலான தகாஃபுல் கூடும் என்றும் ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1985ல் முடிவு சொன்னது. நிர்ப்பந்தம், தேவை என்ற அடிப்படையில் சலுகை காட்டும் ஆலிம்களும் இருக்கிறார்கள். நம் நாட்டில் தகாஃபுலுக்குத் தனிச் சட்ட ஏற்பாடு இல்லை. ஆனால் முதலமைச்சர் திட்டத்தில் பயனாளி ஒரு பைசா பிரீமியம் கட்டுவதில்லை. அரசு தன் குடிமக்களுக்குச் செய்யும் உதவி அது. அதையும் பாலிசியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, ஏழைகள் கையிலிருந்து அட்டையைத் தட்டிவிட வேண்டாம் என்பது எங்கள் வேண்டுகோள். தனியார் பாலிசி பற்றி அவரவர் தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். டிரஸ்ட் அதில் ஃபத்வா கொடுக்காது.

இனி எங்கள் யோசனை. மூன்று சாராருக்கும் ஆளுக்கொரு பங்கு என்று சமாதானத்துக்காகப் பிரித்துக் கொடுக்க நாங்கள் வரவில்லை. அட்டை முதலில் என்பதே எங்கள் முடிவான கருத்து. மஹல்லாவுக்கு இரண்டு இளைஞர்கள் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கட்டும். தகுதியுள்ளவர்களை ஒரே நாளில் வேன் வைத்துக் கடலூருக்கு அழைத்துப் போவோம். கூலி இழப்புக்கு ஆளுக்கு ஒரு தொகை தருவோம். வேன் செலவு ஜகாத் நிதியிலிருந்து எடுக்கப்படாது. ஜகாத்தை உரியவரின் கையில் உடைமையாக்கித் தர வேண்டும் என்பது தெரிந்ததே. சதகாவிலும் பொது நன்கொடையிலும் இருந்துதான் இந்தச் செலவு.

பில்லுக்குப் பணம் தருவதை நிறுத்தச் சொல்லவில்லை. தகுதியுள்ளவர் அட்டை எடுக்காமல் வந்தாலும் முகத்தைத் திருப்ப மாட்டோம். நோயாளியைத் தண்டிக்க நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் மருத்துவ நிதியின் பெரும்பகுதி அட்டை தராதவற்றுக்குப் போகட்டும். டயாலிசிஸ் வீட்டுக்கு மாதப் படி, புற்றுநோய்க்காக ஜிப்மருக்குப் போய் வரும் செலவு, ஆபரேஷன் முடிந்து வேலைக்குப் போக முடியாத மாதங்களுக்கு அரிசி, மளிகை. வளைகுடா வீட்டு முதியோருக்கு வட்டியில்லாக் கடனாகத் தரும் தனி நிதி ஒன்றைப் பைத்துல்மால் வழியாகத் தொடங்கலாம். அவர்கள் தானம் கேட்கவில்லை. திருப்பிக் கட்டக் கூடியவர்கள்.

மூன்றாவது சாராருக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரியிலும் சிதம்பரம் காமராஜ் அரசு மருத்துவமனையிலும் எந்தப் பிரிவில் என்ன குறை என்று நோயாளிகளிடம் கேட்டு எழுதி, மாதம் ஒரு முறை முறையாக மனு கொடுக்கட்டும். நம் மக்களுக்கு மட்டுமல்ல, வார்டில் படுத்திருக்கும் எல்லோருக்குமாக.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள், மாற்றுக் கருத்தையும் சொல்லுங்கள், பதிவேட்டில் எழுதுவோம். கைதூக்கி முடிவெடுப்பது அஸர் தொழுகைக்குப் பிறகு. வெளியே தாழ்வாரத்தில் மேசை போட்டிருக்கிறது. ஸ்மார்ட் கார்டு கொண்டு வந்தவர்கள் எண்ணைப் பதிந்துவிட்டுப் போகலாம். அட்டை ஏற்கெனவே இருப்பவர்கள், எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சை உண்டு என்பதைச் சேரும் முன்பே 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்களுக்குப் பின்வாசல் பக்கம் தனி மேசை இருக்கிறது.

வஸ்ஸலாம்.