கடல் கடந்து கற்கும் நம் பிள்ளைகள்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

கல்விக்காக ஊர் விட்டு ஊர் செல்வது நமக்குப் புதிதன்று. காஸாவில் பிறந்த இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் மக்காவில் கற்று, மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பாடம் கேட்டு, பக்தாதையும் கண்டு, மிஸ்ரு நாட்டில் அடங்கப்பட்டார்கள். சீனாவைக் குறிப்பிட்டு மேடைகளில் அடிக்கடி எடுத்துரைக்கப்படும் செய்தியை ஹதீஸ்கலை வல்லுநர்கள் பலவீனமானது என்பர். ஆயினும் நம் பிள்ளைகள் மெய்யாகவே சீனாவுக்குச் சென்று மருத்துவம் பயில்கிறார்கள் என்பது பலவீனமான செய்தியன்று!

விடுமுறையில் வரும் மாணவர்கள் இஷாவுக்குப் பின் நம்மிடம் அமர்ந்து மனம் விட்டுப் பேசுவதுண்டு. குளிரையும் உணவையும் பற்றி அவர்கள் அதிகம் முறையிடுவதில்லை. சீன நகரங்களில் அந்நாட்டு முஸ்லிம்கள் நடத்தும் நூடுல்ஸ் கடைகள் பரவலாக உள்ளன. அங்கே ஹலாலான உணவு கிடைத்துவிடுகிறது. ஜும்ஆ நேரத்தில் வகுப்பு வருவதே பெரும் சங்கடம் என்றார் ஒருவர்.

அவர்கள் தயங்கித் தயங்கிச் சொல்வது மொழியைப் பற்றியே. பாடம் ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளி ரஷ்ய மொழியிலோ சீன மொழியிலோதான் தன் வலியைச் சொல்கிறார். அம்மொழியை அக்கறையுடன் கற்றவர் நோயாளியின் அருகில் செல்கிறார். கல்லாதவர் ஆசிரியரின் முதுகுக்குப் பின்னே நின்று ஆறு ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார். பின்னர் ஏற்படும் துன்பங்களில் பெரும்பகுதி இவ்விடத்தில்தான் தொடங்குகிறது என்பது நம் கருத்து.

பட்டம் பெற்றுத் திரும்பினால் மட்டும் இங்கே மருத்துவராகிவிட முடியாது. 2002 முதல் நடைபெற்றுவரும் தகுதித் தேர்வில் 300 மதிப்பெண்களுக்கு 150 பெற்றாக வேண்டும். ஆண்டுக்கு இருமுறை நடக்கும் இத்தேர்வில் தேறுவோரைவிடத் தவறுவோரே அதிகம். அவ்வாறு தவறிய பிள்ளைகள் திருமண வீடுகளுக்கு வருவதை நிறுத்திக்கொள்கிறார்கள். பள்ளிக்கு வந்தாலும் கடைசி ஸஃப்பில் நின்று, ஸலாம் கொடுத்தவுடன் வெளியேறிவிடுகிறார்கள். ஏன் தெரியுமா? "இன்னும் டாக்டர் ஆகலையா?" என்று நாம் கேட்கிறோம். அன்பினால்தான் கேட்கிறோம், ஆனால் அக்கேள்வி அவர்களுக்கு முள்ளாகக் குத்துகிறது. தயவுசெய்து அக்கேள்வியைக் கேட்காதீர்கள்.

எவரும் எதிர்பாராத சோதனைகளும் உண்டு. 2020இல் கொரோனாவினால் ஊர் திரும்பிய மாணவர்களுக்கு 2022 ஆகஸ்ட் வரை சீனா மீண்டும் விசா வழங்கவில்லை. உடற்கூறு பாடத்தையும் அவர்கள் கைப்பேசியில் பார்த்தே படித்தார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டது. 22,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். கார்கிவ் நகரில் உணவு வாங்கச் சென்ற கர்நாடக மாணவர் ஒருவர் மார்ச் 1 அன்று உயிரிழந்தார். 2024 மே மாதத்தில் கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் வெளிநாட்டு மாணவர் விடுதிகள் தாக்கப்பட்டபோது, இங்கே தாய்மார்கள் உறங்கவில்லை.

ஆகவே அனுப்பக் கூடாது என்கிறோமா? இல்லை. அறிந்து அனுப்புங்கள் என்கிறோம். 2021 நவம்பரில் வெளியான தேசிய மருத்துவ ஆணைய விதிகளின்படி, படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் வேண்டும். பயிற்றுமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். அந்நாட்டிலேயே மருத்துவம் பார்க்க உரிமம் பெறத்தக்க பட்டமாகவும் இருக்க வேண்டும். நீட் தேர்ச்சியும் அவசியம். முகவர் அச்சிட்டுத் தரும் வழுவழுப்பான கையேட்டில் விமான நிலைய வரவேற்பும் தென்னிந்திய உணவும் கொட்டை எழுத்தில் இருக்கும். இவை இருக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே படித்துக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவரிடமாவது பேசாமல் முன்பணம் கட்டாதீர்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தாயின் நகை அடகுக்குப் போகிறது. வீட்டுப் பத்திரமும் வட்டிக்குப் போகிறது. வட்டி ஹராம் என்று மிம்பரிலிருந்து சொல்லிவிட்டு, அப்பெற்றோருக்கு வேறு வழி காட்டாமல் இறங்கிவிடுவது நமக்கு நிம்மதி தரவில்லை. வழியனுப்பு விழாவுக்குச் சால்வையும் பிரியாணியும் வாங்கும் வசதி இருக்கும் மஹல்லாவில், கர்ழன் ஹஸனாவாகக் கல்விக் கடன் கொடுக்கும் நிதி இல்லாதது ஏன்? முழுக் கட்டணத்தையும் தாங்க இயலாதுதான். கடைசி ஆண்டுக் கட்டணத்திற்கும், தகுதித் தேர்வுக்குப் படிக்கும் அந்த ஓராண்டுக்கும் உதவ முடிந்தால் அதுவே பெரிது. தனி நிதி ஒன்றைத் தொடங்குமாறு நிர்வாகக் குழுவிடம் கேட்டிருக்கிறோம். இக்கூட்டத்திலேயே அதை விவாதிக்க வேண்டுகிறோம்.

மற்றொன்று, வெளிநாட்டில் பயிலும் நம் மஹல்லா மாணவ, மாணவியரின் விவரம் நம்மிடம் இல்லை. உக்ரைன் போரின்போது யார் எங்கே இருக்கிறார் என்பதை வீடு வீடாகக் கேட்டே அறிந்தோம். பெயர், கல்லூரி, நகரம், தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதுவதற்கு அலுவலகத்தில் பதிவேடு வைக்கப்படுகிறது. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் பதியத் தெரியாத பெற்றோருக்கு நம் இளைஞர்கள் உதவுவார்கள். அஸருக்குப் பின் அலுவலகம் திறந்திருக்கும். பிள்ளையின் பாஸ்போர்ட் நகலுடன் வாருங்கள்.