வாத்தியார் நம்ம வாசலுக்கு வருவாரா?

(செல்லிப்பட்டில் நடந்த மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசத்தான் அழைத்தார்கள். நான் டியூஷன் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் வராத பிள்ளைக்குப் பதினொன்றில் அறிவியல் பிரிவு எட்டாமல் போகிறது. புதுச்சேரியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் பத்து சதவீத உள்ஒதுக்கீடு 2023இல் வந்தது. போராடிப் பெற்ற இடம். அதில் நம்ம பிள்ளை போய் உட்காரணும்னா இயற்பியலையும் வேதியியலையும் தாண்டணும்.

நான் வங்கியில் கிளார்க். நகைக் கடனுக்கு வரும் அம்மாக்களிடம் எதுக்கும்மா என்று கேட்டால், முன்பெல்லாம் விதை, சீக்கு, கல்யாணம் என்பார்கள். இப்போது, "புள்ளைக்குக் கணக்கு வரலப்பா, வூட்டுக்கே வந்து சொல்லிக் குடுக்க ஆள் வைக்கணும்" என்கிறார்கள். கம்மல் பெட்டகத்துக்குள் போய்விடுகிறது. பணம் கைக்கு வந்துவிடுகிறது. ஆள் வரணுமே?

என் அக்கா மகளுக்காக நானே தேடினேன். மூன்று பேரிடம் பேசினேன். என்ன வகுப்பு, வாரம் எத்தனை நாள், மாசம் எவ்வளவு, எல்லாம் படிந்து வரும். கடைசியில் ஒரு கேள்வி: "வீடு எந்தப் பக்கம்?" காலனி என்றதும் குரல் மாறும். "அந்த நேரம் எனக்குத் தோதுப்படாதுங்க." "பொண்ண இங்க அனுப்பிடுங்களேன்." சாதி என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. டியூஷன் சென்டரில் பத்தோடு பதினொன்றாக நம்ம பிள்ளையை உட்கார வைக்க அவர்களுக்குத் தடையில்லை. வீட்டுக்கு வருவதென்றால் நம்ம வாசலில் செருப்பைக் கழற்றணும், நம்ம பாயில் உட்காரணும், நம்ம சொம்பில் தண்ணி குடிக்கணும். அங்கேதான் இடிக்கிறது. துரோணரும் அரண்மனை அமர்த்திய தனி வாத்தியார்தானே!

பள்ளிக்கூடம் மட்டும் என்ன செய்தது? பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில், ஒரு கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லி ஆசிரியர் சிறுவன் பீமை கரும்பலகைக்கு அழைக்கிறார். வகுப்பே கூச்சலிடுகிறது. பலகைக்குப் பின்னால் சாதி இந்துப் பிள்ளைகளின் சாப்பாட்டுத் தூக்குகள் இருக்கின்றன. பீம் நெருங்குவதற்குள் ஓடிப்போய் அவற்றை அப்புறப்படுத்துகிறார்கள். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது இருக்கிறது. ஒரு கணக்குக்கும் ஒரு பிள்ளைக்கும் நடுவில் எதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

அந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு வாத்தியார் இருந்தார். அப்பா ராம்ஜி. பரேல் குடியிருப்பில் ஒரே அறை. மகன் சீக்கிரம் தூங்க, அப்பா இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து மகனை எழுப்பிவிட்டு, அதே இடத்தில் தான் படுத்துக்கொள்வார். வெளியில் கேளுஸ்கர் என்ற ஆசிரியர், பூங்காவில் தனியாகப் படித்துக்கொண்டிருந்த பையனைப் பார்த்து, பேச்சுக் கொடுத்து, புத்தகங்கள் கொடுத்தார். அந்தப் பையன்தான் 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றிப் பொருளாதார நூல் எழுதினார். வங்கிக்காரனான எனக்கு அதில் தனிப் பெருமை உண்டு.

பக்கத்தில் உட்கார ஒரு ஆள் இருந்தால் என்ன நடக்கும்? பிள்ளை "புரியல" என்று சொல்லும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் அந்த வார்த்தை வாயில் வராது. வந்தால் 'மக்கு' என்று பெயர் விழும். அதையும் சாதியோடு சேர்த்துச் சொல்வார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கணித்து, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பதை ஆசிரியரின் கடமையாக்குகிறது. 28ஆம் பிரிவு ஆசிரியர் தனி டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். எட்டாம் வகுப்பு வரையாவது, அம்மாவின் கம்மல் செய்கிற வேலையைப் பள்ளிக்கூடம் செய்திருக்க வேண்டும். இதைத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள், கையெழுத்தோடு கேளுங்கள். மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று தமிழ்நாட்டு அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளின் தெருவுக்கே போனார்கள். அரசு நினைத்தால் ஆள் தெருவுக்கு வரும் என்பதற்கு அது சாட்சி.

அரசு நினைக்கும்வரை? நாம்தான். இந்தக் கூட்டத்தில் பன்னிரண்டில் அறிவியல் பிரிவு முடித்தவர்கள் இருக்கிறீர்கள், பட்டதாரிகள் இருக்கிறீர்கள். ஒருவருக்கு ஒரு பிள்ளை. வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம். 2023-24இல் தொடங்கி நம்ம அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளும் சிபிஎஸ்இ பாடத்துக்கு மாறிவிட்டன, "எனக்கே புதுசு" என்பீர்கள். புத்தகத்தை முந்தின நாள் படித்துவிட்டுப் போங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் பத்தாம் வகுப்புப் பாடத்தை முதலில் எடுக்காதீர்கள். பின்னம், தசமம், கழித்தல் குறி எங்கே உதைக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஆறாம் வகுப்பில்தான் அறுந்திருக்கும். நூற்றுக்கு மாசம் அஞ்சு வட்டி என்றால் வருசத்துக்கு அறுபது என்று அந்தப் பிள்ளையே போட்டுப் பார்க்கட்டும். தன் வீட்டுக் கடன் அதுக்குப் புரியும். நீங்கள் சொன்னதைத் திரும்ப உங்களுக்கே சொல்லித்தரச் சொல்லுங்கள். கதவு திறந்திருக்கட்டும், வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு அக்காமார் போங்கள். படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் அக்காவுக்கு, சம்பளக்காரர்களான நாங்கள் மாசாமாசம் பணம் போட்டுக் கொடுக்கிறோம். சும்மா உழைக்கச் சொல்வதை நம்ம சனம் போதுமான அளவு பார்த்துவிட்டது.

மேசைமேல் ஒரு நோட்டு இருக்கிறது. இடப்பக்கம் சொல்லித்தருபவர் பெயர், வலப்பக்கம் பிள்ளையின் பெயர், வராத பாடம். என் பெயரை முதலில் எழுதிவிட்டேன். வலப்பக்கம் காலியாக இருக்கிறது, வந்து நிரப்புங்க.

ஜெய்பீம்.