வண்டிச் செயினும் மூன்று கோடுகளும்



மைசூர் என்றால் அரண்மனை நினைவுக்கு வரும். மல்லிகை மணக்கும். ஆனால் மைசூர் வண்டி செய்த ஊரும் கூட. 1960களின் தொடக்கத்திலிருந்து 1996 வரை இங்கே ஐடியல் ஜாவா தொழிற்சாலை நடந்தது. ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள்களை அங்கே செய்தார்கள். அந்த வண்டிகளில் செயின் முழுவதும் மூடிய உறைக்குள் ஓடும்.

ஏழைகளின் வண்டி மொபெட். ஓசூரில் 1980ல் டி.வி.எஸ். 50 வந்தது. பூக்கூடை, பால் கேன், காய்கறி மூட்டை எல்லாம் அதில் ஏறின.

தேவராஜா மார்க்கெட்டுக்குப் பூ கொண்டு போகும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். விடியும் முன்னே கிளம்ப வேண்டும். ஒருநாள் பாதி வழியில் செயின் கழன்றது. வண்டி நின்றது. வெயில் ஏறியது. மல்லிகை வாடியது. அன்றைய வருமானம் போயிற்று.

மறுநாள் அவரே செயினை இழுத்துக் கட்டினார். மறுபடியும் கழன்றது. அவர் மனைவி இரவுப் பள்ளியில் படிப்பவர். குனிந்து சக்கரத்தின் இரு பக்கமும் பார்த்தார்.

"ஏங்க, இந்தப் பக்கம் மூணு கோடு தெரியுது. அந்தப் பக்கம் நாலு கோடு தெரியுதே?"

அதுதான் கோளாறு! சக்கரம் கோணலாக நின்றது. கோணலான சக்கரத்தில் செயின் நேராக ஓடாது. பல்சக்கரத்தை உரசும். கழன்றுவிடும்.

செயின் ஏன் தொய்கிறது? செயினில் பல சிறு கண்ணிகள் உண்டு. கண்ணிகளைச் சேர்க்கும் ஊசிகள் தேய்கின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இடைவெளி விழுகிறது. எல்லாம் சேர்ந்து செயின் நீளமாகிறது.

எப்படிச் சரி செய்வது?

1. எஞ்சினை நிறுத்துங்கள். சாவியை எடுங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

2. கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் ஒரு குச்சியால் மேலே தள்ளுங்கள், கீழே அழுத்துங்கள். பெரும்பாலான சிறு வண்டிகளில் மொத்தம் 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆட வேண்டும். உங்கள் வண்டிக்கு உரிய அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். படித்துப் பாருங்கள்.

3. சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, பல இடங்களில் பாருங்கள். மிகவும் இறுக்கமான இடத்தில் அளவு பாருங்கள்.

4. பின்சக்கர அச்சு நட்டைத் தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம்.

5. இரண்டு பக்க அட்ஜஸ்டர் நட்டுகளையும் சமமாகத் திருப்புங்கள். ஒரு தடவைக்கு அரைச் சுற்று போதும். இரு பக்கமும் கோடுகளை எண்ணுங்கள். ஒரே எண்ணிக்கை வர வேண்டும்.

6. அச்சு நட்டை நன்றாக இறுக்குங்கள். மறுபடியும் செயினின் ஆட்டத்தைப் பாருங்கள். பின் பிரேக்கையும் பாருங்கள். சக்கரம் நகர்ந்தால் பிரேக்கின் பிடி மாறும்.

அதிகம் இறுக்கினால் நல்லது என்று நினைக்காதீர்கள். மூட்டை ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கும். அப்போது செயின் இன்னும் இறுகும். பேரிங் கெடும். செயின் அறுந்தும் போகலாம். ஓடும்போது அறுந்தால் சக்கரம் சிக்கிக்கொள்ளலாம். ஆள் விழலாம்.

அட்ஜஸ்டரில் இழுக்க இடமே இல்லையா? செயின் தேய்ந்துவிட்டது. செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய பல்லில் புதுச் செயின் சீக்கிரம் தேயும்.

ஒன்றை மறக்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது செயினைத் துடைக்கக் கூடாது, எண்ணெய் விடக் கூடாது. துணி சிக்கும். துணியோடு விரலும் போகும். போன விரல் திரும்ப வராது. பின்னால் உட்காரும் பெண்கள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ள வேண்டும். செயின் கவரைக் கழற்றிவிட்டு ஓட்டக் கூடாது.

அந்த மனைவி கற்றது எண்கள்தான். அந்த எண்கள் ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் காத்தன. நாளைக் காலை நீங்களும் உங்கள் வண்டியின் கோடுகளை எண்ணிப் பாருங்கள்.